10 பந்தில் தெரியுமா நல்ல கை? கூடைப்பந்தின் 'பெஸ்ட் ஷூட்டர்' யார் எனச் சொல்லும் கணக்கு!

கூடைப்பந்து உலகின் பெஸ்ட் ஷூட்டர் யார்? விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ சாயங்காலம் பள்ளி மைதானத்தில் பந்து தட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பெயர்தான் வரும். ஸ்டீபன் கர்ரி!

ஆனால், அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக் ரெக்கார்டுகளைப் புரட்டினால் சின்ன ஷாக் காத்திருக்கிறது. 'த்ரீ பாயின்டர்' எனப்படும் மூன்று புள்ளி ஷாட்டை அதிக சதவிகிதத்தில் கூடைக்குள் போட்டவர்கள் பட்டியலில் முதலிடம் கர்ரிக்கு இல்லை. அங்கே இருப்பவர் ஸ்டீவ் கெர். 2014-லிருந்து கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் பயிற்சியாளராக இருப்பவர். அதாவது, கர்ரியின் கோச்!

அப்படியானால் சிஷ்யனைவிட குருதான் பெரிய ஷூட்டரா? கெர் ஆடிய காலத்தைப் பார்த்தவர்கள்கூட அப்படிச் சொல்ல மாட்டார்கள். சரி, எதை வைத்துத்தான் ஒருவரை பெஸ்ட் என்று சொல்வது?

டீக்கடையில் பேசித் தீர்க்கும் ரசிகர் சண்டைதானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மாவட்ட அணிக்கும், விளையாட்டு விடுதிக்கும், முதலமைச்சர் கோப்பை போட்டிக்கும் ஆள் எடுக்கும்போது இதே கேள்விக்குத்தான் சில மணி நேரத்தில் விடை தேடுகிறார்கள். அந்த விடையில் சில பிள்ளைகளின் படிப்பும் வேலையும் அடங்கியிருக்கின்றன. உலகத்தின் பெஸ்ட் ஷூட்டரை எப்படி அளக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், உள்ளூர் ஷூட்டரை அளப்பதும் சுலபம்.

ரிங் எவ்வளவு அகலம்?

முதலில் அடிப்படை. கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கும். அதன் குறுக்களவு 45 சென்டிமீட்டர். ஆண்கள் ஆடும் பந்தின் குறுக்களவு சுமார் 24 சென்டிமீட்டர். அதாவது, பந்தைவிட வளையம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அகலம். 'இவ்வளவு பெரிசா? அப்புறம் ஏன் போக மாட்டேங்குது?' என்று தோன்றும்.

விஷயம் கோணத்தில் இருக்கிறது. பந்து செங்குத்தாக மேலிருந்து இறங்கினால்தான் அதற்கு முழு 45 சென்டிமீட்டரும் கிடைக்கும். 45 டிகிரி சாய்வில் வரும் பந்துக்கு அந்த வாசல் சுமார் 32 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். 30 டிகிரியில் தட்டையாக வந்தால் 23 சென்டிமீட்டருக்கும் குறைவு. பந்தே 24 சென்டிமீட்டர் என்னும்போது, ரிங்கில் இடிக்காமல் எப்படி நுழையும்? 'உயரமா தூக்கிப் போடு' என்று பி.இ.டி. சார் கத்துவதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்.

மூன்று புள்ளிக் கோடு இன்னொரு விஷயம். சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி அது வளையத்திலிருந்து 6.75 மீட்டர் தூரத்தில் இருக்கும். நம் ஊர் போட்டிகளிலும் இதே கோடுதான். என்.பி.ஏ-வில் 7.24 மீட்டர். கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி, உள்ளேயிருந்து போட்டால் இரண்டு. என்.பி.ஏ. இந்தக் கோட்டைக் கொண்டுவந்தது 1979-80 சீசனில்தான்.

சதவிகிதம் சொல்வது பாதிதான்

எல்லோரும் முதலில் பார்ப்பது சதவிகிதம். 10 முறை எறிந்து 5 உள்ளே போனால் 50 சதவிகிதம். ஆனால், இதை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வோம்.

டிஆண்ட்ரே ஜோர்டன் என்ற உயரமான சென்டர் ஆட்டக்காரர் இருக்கிறார். களத்தில் அவர் எறிந்தவற்றில் கூடைக்குள் போனது 67 சதவிகிதத்துக்கும் மேல். வரலாற்றிலேயே முன்னணிக் கணக்கு. அப்படியானால் அவர்தான் பெஸ்ட் ஷூட்டரா? இல்லை. அவர் எடுத்த ஷாட்களில் பெரும்பாலானவை வளையத்துக்குப் பக்கத்தில் நின்று பந்தை உள்ளே திணிக்கும் 'டங்க்' வகை. யாரும் மறிக்காத ஃப்ரீ த்ரோ கோட்டில் அவரை நிறுத்தினால் சதவிகிதம் 50-ஐக்கூடத் தொடாது. ஜாம்பவான் ஷகீல் ஓ'நீலும் இப்படித்தான். மொத்த என்.பி.ஏ. வாழ்க்கையில் அவர் போட்ட மூன்று புள்ளி ஷாட் ஒன்றே ஒன்று!

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருவர் கோட்டுக்கு உள்ளேயிருந்து 10 எறிந்து 5 போடுகிறார். 50 சதவிகிதம், 10 புள்ளி. இன்னொருவர் கோட்டுக்கு வெளியிலிருந்து 10 எறிந்து 4 போடுகிறார். 40 சதவிகிதம்தான், ஆனால் 12 புள்ளி. சதவிகிதத்தில் தோற்றவர் ஸ்கோர்போர்டில் ஜெயித்துவிட்டார்.

அதனால்தான் இப்போது தொழில்முறை லீக்குகளில் மூன்று புள்ளி ஷாட் ஒன்றை, ஒன்றரை ஷாட்டாக எண்ணிச் சதவிகிதம் போடுகிறார்கள். இந்தக் கணக்குப்படி முதல் ஆட்டக்காரருக்கு அதே 50 சதவிகிதம். இரண்டாமவருக்கு 4 ஷாட், 6 ஷாட்டாகி 60 சதவிகிதம்.

எத்தனை முறை எறிந்தார்?

இப்போது கெர் - கர்ரி வழக்குக்கு வருவோம். 15 சீசன், 910 ஆட்டம் ஆடிய கெர், 1,599 த்ரீ எறிந்து 726-ஐ உள்ளே போட்டார். 45.4 சதவிகிதம். அபாரம்தான். ஆனால், ஓர் ஆட்டத்துக்கு அவர் எறிந்தது இரண்டுக்கும் குறைவு. மைக்கேல் ஜோர்டன் போன்ற நட்சத்திரங்களை எதிரணி சூழ்ந்துகொள்ளும்போது, தனியாக நிற்கும் கெரிடம் பந்து வரும். நல்ல வாய்ப்பு கிடைத்தால் மட்டும் எறிவார்.

கர்ரியின் 2015-16 சீசனை இதன் பக்கத்தில் வையுங்கள். 79 ஆட்டங்களில் 886 எறிந்து 402-ஐப் போட்டார். ஆட்டத்துக்கு 11-க்கும் மேல். சதவிகிதம் எவ்வளவு தெரியுமா? அதே 45.4! கெர் 15 வருஷத்தில் எறிந்ததில் பாதிக்கும் மேலானவற்றை ஒரே வருஷத்தில் எறிந்து, அதே சதவிகிதத்தைப் பிடித்தார் கர்ரி. அதற்கு முன் ஒரே சீசனில் யாரும் 300-ஐக்கூடத் தொட்டதில்லை.

கிரிக்கெட்டில் இது நமக்குப் பழகிய கணக்கு. கடைசியில் இறங்கி நாலு இன்னிங்ஸில் மூன்று முறை நாட் அவுட்டாக நிற்கும் பௌலரின் சராசரி திடீரென்று எகிறிவிடும். அதற்காக அவரை ஓப்பனிங் இறக்குவோமா? கூடைப்பந்திலும் அப்படித்தான். எண்ணிக்கை கூடக்கூட எதிரணி உஷாராகும், உடம்பு களைக்கும், சதவிகிதம் இறங்கும். நிறைய எறிந்தும் இறங்காமல் நிற்பவரே ஷூட்டர்.

மொத்த எண்ணிக்கையிலும் கர்ரிதான் முன்னால் இருக்கிறார். ரே ஆலன் 1,300 ஆட்டங்களில் போட்ட 2,973 த்ரீ என்ற சாதனையை, 2021 டிசம்பர் 14-ம் தேதி நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் தன் 789-வது ஆட்டத்திலேயே தாண்டினார். 2025 மார்ச்சில் 4,000-த்தைத் தொட்ட முதல் ஆள் ஆனார்.

எப்படிப்பட்ட ஷாட்?

எண்ணிக்கை, சதவிகிதம் இரண்டையும் பார்த்தாயிற்று. மூன்றாவது, ஷாட்டின் கஷ்டம்.

கெருக்கு ஒரு சலுகையும் கிடைத்தது. 1994-லிருந்து 1997 வரை மூன்று சீசன்களுக்கு என்.பி.ஏ. தன் கோட்டை 6.70 மீட்டருக்கு நெருக்கி வைத்திருந்தது. கெரின் மிகச்சிறந்த சீசன் வந்தது அப்போதுதான். 1994-95-ல் 52.4 சதவிகிதம்! திறமை அவருடையதுதான். ஆனால், தூரம் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஷாட் எடுக்கும் விதமும் முக்கியம். ஒருவர் தயாராக நின்று, வந்த பந்தைப் பிடித்து அப்படியே எறிகிறார். இன்னொருவர் பந்தைத் தட்டிக்கொண்டே ஓடி, மறிப்பவரை ஏமாற்றி, சட்டென்று நின்று எறிகிறார். முதல் வகையின் ராஜா க்ளே தாம்சன். 2016 டிசம்பர் 5-ம் தேதி இண்டியானா பேஸர்ஸுக்கு எதிராக 29 நிமிடம் மட்டுமே களத்தில் இருந்து 60 புள்ளி குவித்தார். அந்த ஆட்டம் முழுக்க அவர் பந்தைத் தரையில் தட்டியது 11 முறைதான்! கர்ரி இரண்டாவது வகையிலும் கில்லாடி. பந்தைத் தட்டியபடியே, கோட்டுக்கு ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் பின்னாலிருந்துகூட எறிவார். மறிப்பவர் அவ்வளவு தூரம் இழுக்கப்படுவதால் சக ஆட்டக்காரர்களுக்கு உள்ளே இடம் கிடைக்கிறது. பந்து போகாவிட்டாலும் அணிக்கு லாபம்.

இதையெல்லாம் எப்படி அளக்கிறார்கள்? கேமராவால். 2013-14 சீசனிலிருந்தே எல்லா என்.பி.ஏ. அரங்கங்களிலும் ஆட்டக்காரர்களையும் பந்தையும் தொடரும் கேமராக்கள் உண்டு. 2023-24-லிருந்து அந்த வேலையைச் செய்வது 'ஹாக்-ஐ'. ஆமாம், கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ ரிவியூவில் நாம் பார்க்கும் அதே நிறுவனத்தின் தொழில்நுட்பம்தான். மறிப்பவர் எத்தனை அடி தள்ளி நின்றார், எறிவதற்கு முன் பந்து எத்தனை முறை தட்டப்பட்டது என்று ஒவ்வொரு ஷாட்டுக்கும் கணக்கு இருக்கிறது.

யாரும் மறிக்காத ஒரே ஷாட்

கேமரா இல்லாத ஊருக்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. அதுதான் ஃப்ரீ த்ரோ. போர்டிலிருந்து 4.6 மீட்டர். யாரும் மறிக்க மாட்டார்கள். சிகாகோவிலும் அதே தூரம், செஞ்சியிலும் அதே தூரம். கையின் சுத்தத்தை மட்டும் காட்டும் ஷாட் இது. ஓர் இளம் ஆட்டக்காரர் எதிர்காலத்தில் நல்ல த்ரீ ஷூட்டர் ஆவாரா என்று கணிக்க, அமெரிக்க அணிகள் அவருடைய ஃப்ரீ த்ரோ சதவிகிதத்தையும் கவனிப்பது வழக்கம்.

இதிலும் என்.பி.ஏ. வரலாற்றில் முன்னால் நிற்பவர் கர்ரி. 100-க்கு சுமார் 91. ஒரே சீசன் சாதனை ஸ்பெயின்காரர் ஹோசே கால்டெரோனிடம் இருக்கிறது. 2008-09-ல் 154 எறிந்து 151-ஐப் போட்டார். வருஷம் முழுக்க மூன்றே மூன்று தவறு!

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ரசிகர்கள் வைத்திருக்கும் பெயர் '50-40-90'. ஒரே சீசனில் மொத்த ஷாட்களில் 50, த்ரீயில் 40, ஃப்ரீ த்ரோவில் 90 சதவிகிதம் எட்ட வேண்டும். என்.பி.ஏ-வில் முதலில் எட்டியவர் லாரி பேர்டு. ஸ்டீவ் நேஷ் நான்கு முறை எட்டினார். பெண்களுக்கான டபிள்யூ.என்.பி.ஏ-வில் 2019-ல் எலெனா டெல்லே டோன் முதலில் எட்டினார். கர்ரி எட்டியது? அதே 2015-16-ல்தான்.

பெண்களை விட்டுவிட்டுப் பேச முடியாது

பெஸ்ட் ஷூட்டர் பட்டியல் என்றாலே ஆண்கள் பெயராகத்தான் வரும். ஆனால், ஓடும் கடிகாரத்துக்கு எதிராகப் பல இடங்களிலிருந்து பந்தை எறியும் த்ரீ பாயின்ட் போட்டியில், 2023 டபிள்யூ.என்.பி.ஏ. ஆல் ஸ்டாரில் சப்ரினா அயனெஸ்கு எடுத்தது 40-க்கு 37. அந்த வகைப் போட்டியில் என்.பி.ஏ. ஆண்கள் ஒரு சுற்றில் யாரும் அதுவரை அவ்வளவு எடுத்ததில்லை.

2024 பிப்ரவரியில் அயனெஸ்குவும் கர்ரியும் நேருக்கு நேர் மோதினார்கள். பெண்களுக்கான சற்றே சிறிய பந்தை எடுத்துக்கொண்ட அயனெஸ்கு, கோட்டில் சலுகை கேட்கவில்லை. ஆண்களின் என்.பி.ஏ. கோட்டிலிருந்தே எறிந்தார். கர்ரி 29, அயனெஸ்கு 26. தோற்றுவிட்டார்தான். ஆனால், அன்றைக்கு ஆண்களுக்கான த்ரீ பாயின்ட் போட்டியில் கோப்பை வென்ற டேமியன் லில்லார்டு இறுதிச் சுற்றில் எடுத்ததும் அதே 26!

கடைசி நிமிடத்தில் யார் கை?

அப்புறம் நெருக்கடி. 2013 என்.பி.ஏ. இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். மியாமி ஹீட் மூன்று புள்ளி பின்தங்கியிருக்கிறது. தோற்றால் தொடரே முடிந்தது. ரே ஆலன் பின்னோக்கி நகர்ந்து, மூலைக் கோட்டுக்கு வெளியே காலை வைத்து எறிந்தார். உள்ளே! மீதமிருந்தது 5.2 விநாடி. அந்த ஆட்டத்தையும் பிறகு தொடரையும் மியாமி வென்றது.

2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் பிரான்ஸ் நெருங்கி வந்துகொண்டிருந்தது. கடைசி மூன்று நிமிடத்துக்குள் கர்ரி 4 த்ரீ போட்டார். மொத்தம் 8. அமெரிக்கா 98-87 எனத் தங்கம் வென்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'இன்னிக்கு அவனுக்குக் கை வந்துடுச்சு' என்று சொல்வோம் இல்லையா? தொடர்ந்து இரண்டு போட்டால் மூன்றாவதும் போகும் என்ற இந்த நம்பிக்கையை 1985-ல் கிலோவிச், வல்லோன், ட்வெர்ஸ்கி என்ற மூன்று ஆய்வாளர்கள் சோதித்து, அப்படி எதுவும் இல்லை, அது நம் மனப்பிரமை என்றார்கள். 2018-ல் மில்லர், சான்ஹுர்ஹோ என்ற இருவர், அந்தக் கணக்கிலேயே ஒரு நுட்பமான பிழை இருந்ததைக் காட்டி, 'கை வருவது' ஓரளவு உண்மைதான் என்றார்கள். அந்த விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒருவருக்கு 'இன்னிக்குக் கை வந்ததா' என்பதும் 'அவர் நல்ல ஷூட்டரா' என்பதும் வேறு வேறு கேள்விகள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆக, தீர்ப்பு? சதவிகிதம் மட்டும் போதும் என்றால் கெர். நின்று பிடித்து எறிவது என்றால் தாம்சன். நெருக்கடிக்கு ஆலன். எண்ணிக்கை, சதவிகிதம், கஷ்டம், ஃப்ரீ த்ரோ, நெருக்கடி எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால் கர்ரி. பிள்ளைகள் சொன்ன பதில் சரிதான். ஆனால், இப்போது அதற்குக் காரணமும் இருக்கிறது!

திண்டிவனமா... விழுப்புரமா?

இனி நம் ஊர்க் கணக்கு. ஓர் உதாரணம். திண்டிவனத்திலிருந்து ஒரு மாணவி, விழுப்புரத்திலிருந்து ஒரு மாணவி. திண்டிவனம் மாணவி 100 த்ரீ எறிந்தால் 40 போடும் கை. விழுப்புரம் மாணவிக்கு 30. (உதாரணம்தான், விழுப்புரத்துக்காரர்கள் கோபிக்க வேண்டாம்!) அணியில் இடம் ஒன்றுதான். செலக்‌ஷனில் ஆளுக்கு 10 பந்து கொடுக்கிறார்கள்.

திறமையானவர் திண்டிவனம் மாணவிதான். ஆனால், இதே தேர்வை 100 முறை நடத்தினால் கிட்டத்தட்ட 60 முறைதான் அவர் ஜெயிப்பார். 24 முறை விழுப்புரம் மாணவி முந்திவிடுவார். மிச்சம் சமம். அதாவது, ஏறக்குறைய நான்கில் ஒரு முறை தவறான ஆள் தேர்வாவார். யாரும் சிபாரிசு செய்யவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. 10 பந்து என்பது அவ்வளவு சின்ன அளவு.

ஆளுக்கு 100 பந்து கொடுத்தால்? அந்த 24, சுமார் 6 ஆகக் குறைந்துவிடும்.

ஒரு நாளில் நூற்றுக்கணக்கானவர்களைப் பார்க்க வேண்டிய தேர்வாளர்களால் எல்லோருக்கும் 100 பந்து கொடுக்க முடியாதுதான். ஆனால், சுமார் 40 கிலோமீட்டர் பஸ் ஏறி வந்து, அன்றைக்கு 10-ல் இரண்டு மட்டும் போட்டுவிட்டுத் திரும்பும் பெண், 'எனக்கு ஷூட்டிங் வராது போல' என்று நினைத்துக்கொண்டு பந்தைத் தொடுவதையே நிறுத்திவிட்டால்? 40 சதவிகிதக் கை உள்ளவர்கூட, 10 பந்தில் இரண்டோ அதற்கும் குறைவாகவோ போடும் நாள் ஆறில் ஒரு நாள் வரும். அது கையின் குற்றம் இல்லை.

கர்ரியையே கோட்டை விட்டார்கள்

அமெரிக்காவிலேயே இது நடந்திருக்கிறது. பள்ளி நாள்களில் கர்ரி ஒல்லி, குள்ளம். அப்பா டெல் கர்ரியும் என்.பி.ஏ-வின் நல்ல ஷூட்டர்களில் ஒருவர்தான். ஆனாலும், பெரிய பல்கலைக்கழகங்கள் எதுவும் மகனுக்கு ஸ்காலர்ஷிப் தரவில்லை. அப்பா படித்த வர்ஜீனியா டெக்கூட, ஸ்காலர்ஷிப் இல்லாமல் வேண்டுமானால் வந்து சேரலாம் என்றது. டேவிட்சன் என்ற சிறிய கல்லூரியில் சேர்ந்தார் கர்ரி. 2009 டிராஃப்டில் அவர் பெயர் ஏழாவதாகத்தான் வந்தது. ஐந்தாவது, ஆறாவது வாய்ப்பை வைத்திருந்த மினசோட்டா, அதே பாயின்ட் கார்டு இடத்துக்கு வேறு இரண்டு பேரை எடுத்துக்கொண்டது.

கை பிறவியிலேயே வந்ததும் இல்லை. பள்ளியில் படிக்கும்போது பந்தை இடுப்புப் பக்கத்திலிருந்து எறிந்துகொண்டிருந்த மகனை, ஒரு கோடை விடுமுறை முழுக்க அப்பா பழக்கத்தை மாற்ற வைத்தார். பந்தைத் தலைக்கு மேலே கொண்டுபோய் எறிய வேண்டும். அந்த மாதங்களில் தூரத்திலிருந்து எறியவே முடியாமல் தவித்ததாகக் கர்ரி பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கோடையில் அவரை யாராவது 10 பந்து கொடுத்துத் தேர்வு செய்திருந்தால்?

பந்து எங்கே கொண்டுபோகும்?

'இதெல்லாம் அமெரிக்கா கதை, இங்கே பாஸ்கெட்பால் ஆடி என்ன ஆகப்போகுது?' என்று கேட்கும் அம்மா அப்பாக்களுக்கும் பதில் இருக்கிறது.

சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை, இந்திய மகளிர் அணியின் கேப்டனாக இருந்தவர். தெற்கு ரயில்வேயில் வேலை. 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கேரளத்திலிருந்து வந்து அதே தெற்கு ரயில்வேக்கு ஆடிய கீது அன்னா ஜோஸ், 2011-ல் அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் செலக்‌ஷன் வரை போனவர். பஞ்சாப் கிராமத்திலிருந்து போன சத்னாம் சிங்கை 2015-ல் டல்லாஸ் மேவரிக்ஸ் தேர்ந்தெடுத்தது. என்.பி.ஏ. டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர் அவர்.

தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் எனச் சென்னையில் கூடைப்பந்து அணி வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. விழுப்புரம் ஜங்ஷனே தெற்கு ரயில்வேயின் திருச்சி கோட்டத்தில்தான் இருக்கிறது. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடு இருக்கிறது. இன்ஜினீயரிங் கவுன்சலிங்கிலும் விளையாட்டுப் பிரிவுக்குத் தனி இடங்கள் உண்டு. இவற்றுக்கெல்லாம் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு மாவட்ட, மாநில அணியில் இடம் வேண்டும். அந்த இடத்துக்கு முதல் படி, உள்ளூர் செலக்‌ஷன்.

ஒரு 40 பக்க நோட்டு போதும்!

என்.பி.ஏ. அரங்கத்தின் கேமராக்கள் நமக்குக் கிடையாது. ஆனால், எண்ணத் தெரியும். ஆட்டக்காரர், பி.இ.டி. ஆசிரியர், பெற்றோர் என யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

• எறிந்தது எத்தனை, போனது எத்தனை: இரண்டையும் எழுதுங்கள். 'இன்னிக்கு 20 போட்டேன்' என்பது பாதிக் கணக்கு. 40 எறிந்து 20-ஆ, 90 எறிந்து 20-ஆ?

• இடத்தைப் பிரித்து எழுதுங்கள்: ஃப்ரீ த்ரோ, இரண்டு மூலைகள், நடு என்று தனித்தனியாக. வலது மூலையில் 45 சதவிகிதம், இடது மூலையில் 25 என்று தெரிந்தால் பயிற்சி எங்கே வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

• ஃப்ரீ த்ரோவை ஓடி முடித்த பிறகு எறியுங்கள்: மேட்ச்சில் யாரும் மூச்சு வாங்காமல் கோட்டுக்கு வருவதில்லை. நாலு ரவுண்டு ஓடிவிட்டு 10, மறுபடி ஓடிவிட்டு 10 என எழுதுங்கள்.

• மேட்ச் கணக்கைத் தனியாக வையுங்கள்: பிராக்டீஸில் 60 சதவிகிதம் போடுபவர் மேட்ச்சில் 30 போடுவது சகஜம். ஓரமாக உட்கார்ந்திருக்கும் சப்ஸ்டிட்யூட் ஒருவர் கையில் பேனாவைக் கொடுத்தால் வேலை முடிந்தது.

• 100 எறியும் வரை முடிவுக்கு வராதீர்கள்: 10 பந்தைப் பார்த்துச் சந்தோஷப்படவும் வேண்டாம், சோர்ந்துபோகவும் வேண்டாம். வாரம் 100 என்றால் ஒரு வருஷத்தில் 5,000-க்கும் மேல். அந்த எண் பொய் சொல்லாது.

• ஸ்டைலைச் செல்போனில் எடுங்கள்: பக்கவாட்டில் நின்று எடுத்தால் பந்து தட்டையாகப் போகிறதா, உயர்ந்து இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். கர்ரி நிற்பதுபோலவே நிற்கிறோமா என்று பார்க்க அல்ல, போன மாதத்தைவிடப் பந்து உயர்ந்திருக்கிறதா என்று பார்க்க!

நெட் கிழிந்த ரிங், பெயின்ட் அழிந்த கோடு, சிமென்ட் தரை, சாயங்காலக் காற்று... நம் பள்ளி மைதானங்களில் இதெல்லாம் இருக்கலாம். கோடு அழிந்திருந்தால் டேப் பிடித்து 6.75 மீட்டர் அளந்து சாக்பீஸில் வரைந்துகொள்ளலாம். தூரம் சரியாக இருந்தால்தான் நோட்டில் எழுதும் எண்ணுக்கும் மதிப்பு.

தேர்வு நாளில் அந்த நோட்டை யாரும் கேட்காமல் போகலாம். கேட்கும் காலம் வர வேண்டும். பள்ளிகளும் மாவட்ட சங்கங்களும் லீக் ஆட்டங்களில் ஷாட் கணக்கை எழுதி வைத்தால், ஒரு நாள் தேர்வோடு ஒரு வருஷக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கலாம். அதுவரை அந்த நோட்டு, அதை எழுதும் பிள்ளைக்காவது உதவும். அன்றைக்கு 10-ல் இரண்டு மட்டும் போன பந்து, தன் கையைப் பற்றிய கடைசித் தீர்ப்பு இல்லை என்று அதற்குத் தெரிந்திருக்கும். மறுநாள் சாயங்காலமும் மைதானத்துக்குப் போகும்!